வெயிலுக்கு ஏது பில்?

"அக்கா...! நம்ம மொட்டை மாடியை யாருக்கு வித்தீங்க?"

ஈரத்துணி வாளியோடு படியிறங்கி வந்த சின்ன மருமகள், கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். வாளியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் ஈரமாகிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் தாய்வீட்டில் இருந்துவிட்டு முந்தின நாள் இருட்டிய பிறகுதான் அவளும் அவள் புருஷனும் திரும்பியிருந்தார்கள். காலையில் துவைத்ததைக் காயப் போடலாம் என்று மாடிக்குப் போனால், கொடிக்கயிறு கட்டியிருந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி போலப் பளபளத்துக்கொண்டு வரிசையாகச் சாய்ந்து நின்றன சோலார் பேனல்கள்.

அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த மூத்த மருமகள் பெரியவளின் கை ஒரு கணம் நின்றது. இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். விடிந்ததும் விடியாததுமாக, வாளியோடு வரும் என்றுதான் நினைக்கவில்லை.

"பின்பக்கம் கம்பி கட்டச் சொல்லியிருக்கேன்மா. இன்னிக்கு மட்டும் பால்கனியில போட்டுக்கயேன்..."

"நான் துணியைப் பத்தியா கேட்டேன்?"

துணியைப் பற்றித்தான் கேட்டாள். ஆனால் அதைச் சொல்லுகிற நேரமா அது?

அதற்குள் வாசல் பக்கமிருந்து சின்னவளின் புருஷன், சின்னவன், வந்தான். வாயில் பல்துலக்கும் பிரஷ். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவன். எந்தக் கணக்கையும் தாள் இல்லாமல் மனசிலேயே போட்டு முடிப்பதால் வீட்டில் அவனுக்குக் கால்குலேட்டர் என்று பட்டப்பெயர்.

"வாசல்ல யார் கார் அண்ணி அது? சுவத்துல ஏதோ பெட்டி மாட்டி, அதுலேர்ந்து ஒயர் போகுது?"

"நம்மளோடதுதான் தம்பி. கரண்ட்ல ஓடற கார். புதுசு இல்லை, ஒருத்தர் கொஞ்ச நாள் ஓட்டினது..."

"பணம்?"

பெரியவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கப்பா எனக்குக் குடுத்த மனை இருந்துச்சில்ல... அதை வித்துட்டேன்."

சின்னவன் பிரஷை வாயிலிருந்து எடுத்தான்.

அந்த மனை எதற்காக இருந்தது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பின்னறையில் ஒரே ஒரு தையல் மிஷினை வைத்துக்கொண்டு ஊரில் பாதி வீட்டு ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுத்தவள் அவள். பெரிய தெருவில் கண்ணாடி முகப்போடு ஒரு கடை போட வேண்டும், வாசலில் நாலு நிறத்தில் திரைத்துணி தொங்கவிட வேண்டும் என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆசை. போன வருஷம் சின்னவன் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்ட அந்த மனையை விற்றுக் கடனாகத் தரச் சொல்லிக் கேட்டபோதுகூட, "அது ஒண்ணுதான் தம்பி எனக்குன்னு இருக்கு. கடைக்குன்னு வெச்சிருக்கேன். மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டாள். அவனும் மன்னித்திருந்தான். இன்று காலை வரைக்கும்.

"கடைக்குன்னு சொல்லித்தானே அண்ணி எனக்கு இல்லேன்னீங்க? இப்போ காரா...? நம்ம வீட்ல கார் இல்லையா? என் கார் ஓடலையா?"

"ஓடுது தம்பி..."

"அப்புறம் எதுக்கு?"

அவள் கீழே வைத்த கரண்டியை மறுபடி எடுத்தாள்.

வாசல் நிலையருகே அவள் கணவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். தம்பி அவனைப் பார்த்தான். "நீயாவது சொல்லேண்ணா..."

"அவ பணம். அவ இஷ்டம்."

சொன்னானே ஒழிய, அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மனையை விற்கிறேன் என்று அவள் வந்து நின்றபோது அவன் ஏன் என்று கேட்டான். மூன்று தடவை கேட்டான். "நம்புங்க, அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றாள். அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முன்னே இல்லாத ஒரு இடைவெளி விழுந்திருந்தது.

"ஊருக்குப் படம் காட்டணும். வேற என்ன?" சின்னவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

உள்ளறையில் மாமனார் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவின் சத்தம் மெல்லக் குறைந்தது. பெரியவள் சட்டென்று காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். அவர் காதில் எதுவும் விழுந்திருக்கக் கூடாதே என்பதுதான் அந்த நேரத்தில் அவளுடைய ஒரே கவலை.

*

மாமனாருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். உள்ளூர் ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் கிடையாது. அடுத்த பெரிய ஊருக்குப் போக வேண்டும். போக ஒரு மணிக்கு மேல், வர ஒரு மணிக்கு மேல். ரத்தம் சுத்தமாகி வெளியே வரும்போது அவர் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். அந்த உடம்போடு பஸ்ஸில் ஏற்ற முடியாது. மகன்கள் இரண்டு பேருக்கும் வேலை. அதனால், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ஸ்டியரிங்கைத் தொடவே பயந்த பெரியவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சொல்லிக்கொடுத்தவர் திட்டிய திட்டில் எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள். கற்றுக்கொண்டுவிட்டாள்.

சின்னவனின் பெட்ரோல் காரில்தான் போய்வந்தார்கள். பெட்ரோல் செலவு ஒரு மாதம் அண்ணன், ஒரு மாதம் தம்பி. ஒருநாள் சாப்பிடும்போது பெட்ரோல் விலை மறுபடி ஏறிவிட்டது என்ற பேச்சு வந்தது. சின்னவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "இப்படியே போனா ஆஸ்பத்திரி பில்லைவிட பெட்ரோல் பில் பெருசாயிடும் போல!"

கை கழுவி எழுந்ததும் அவன் அதை மறந்திருப்பான். ஆனால் பெரியவள் மாமனாரின் தட்டைப் பார்த்தாள். அவர் அதற்கப்புறம் ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை.

மாமனார் பேங்கில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணிய மனிதர். எண்ணுகிற பழக்கம் விரலை விட்டுப் போனாலும் உதட்டை விட்டுப் போகவில்லை. பெட்ரோல் பங்கில் வண்டி நின்றதும் ஜன்னல் வழியாக அந்த மீட்டரையே பார்ப்பார். எண்கள் ஓட ஓட அவர் உதடும் அசையும். மீட்டர் நிற்கும்போது ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சைக் கேட்கக் கூடாது என்பதற்காகவே பெரியவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்திருக்கிறாள். அவர் கண்ணாடி வழியாகவும் எண்ணினார்.

பிறகு ஒருநாள், "இன்னிக்கு உடம்பு நல்லாயிருக்கும்மா. அடுத்த தடவை போய்க்கலாம்" என்றார். முகத்தில் தெளிவு இருந்தது, அவளும் நம்பினாள். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அன்று மாலைக்குள் கால் இரண்டும் வீங்கி, மூச்சு விட முடியாமல் தவித்து, அவள் அவரைத் தூக்காத குறையாகக் காரில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. நர்ஸ் கத்தியே விட்டாள்: "இன்னும் கொஞ்சம் லேட் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் கட்டிலருகே உட்கார்ந்து அழுதாள். "ஏன் மாமா இப்படிப் பண்ணினீங்க...?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தடவை போகாட்டி அரை டேங்க் மிச்சம்மா. ரெண்டு பசங்களும் எனக்குக் கொட்டிக்கிட்டே இருக்காங்க. ஓட்டை டேங்க்ல ஊத்தற மாதிரி..."

அவள் போர்வையை இழுத்து அவர் கால்மேல் போட்டாள்.

"பசங்க காதுல விழக் கூடாது. முக்கியமா சின்னவன் காதுல. அவன் ஏதோ விளையாட்டா சொன்னான், பாவம். அதனாலதான் நான் இப்படிப் பண்ணேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டான்." ஊசி குத்தாத கையை நீட்டினார். "சத்தியம் பண்ணு."

அவள் பண்ணிக்கொடுத்தாள்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தபோதுதான் ஒரு டீச்சரிடம் பேச்சுக் கொடுத்தாள். அதே நாள்களில் தன் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்து வருகிறவர். கரண்ட் காரில் வருவார். பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகிறது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

"வீட்டு கரண்ட்ல சார்ஜ் போட்டாலே நீங்க பெட்ரோலுக்குக் குடுக்கறதுல கால்வாசிதான் ஆகும்," என்றார் டீச்சர். "நாங்க மாடியில பேனலும் போட்டிருக்கோம். பகல்ல போட்டா அதுவும் இல்லை. ஆனா முதல்ல போடற பணம் பெரிய பணம், அதை மறைக்க மாட்டேன். மேகமா இருந்தா வெளிக் கரண்டும் எடுக்கும், பில் வரும்."

பெரியவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஒருநாள் வண்டியை எடுக்காம வீட்லயே நிறுத்தி வெச்சா எவ்வளவு மிச்சம் டீச்சர்?"

டீச்சர் சிரித்துவிட்டார். "மிச்சமா? ஒண்ணும் மிச்சமில்லை. அன்னிக்கு வெயில் வீணாப் போகும், அவ்வளவுதான்."

அந்த இடத்திலேயே பெரியவளின் கடை போய்விட்டது. அவள் அதற்காக அப்போது வருத்தப்படக்கூட இல்லை. திரும்பி வருகிற வழியில், பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மாமனாரைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினாள்.

*

புதுக் காரில் முதல் நாள் போகும்போது பங்க் வந்ததும் மாமனார் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினார். கார் நிற்காமல் போனது.

"பெட்ரோல் போடலையாம்மா?"

"இதுக்கு வாயே கிடையாது மாமா."

"அப்போ எதைத் திங்குது?"

"வெயிலை."

பங்க் பின்னால் மறையும்வரை அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "வெயிலுக்கு என்ன பில்லும்மா?"

"வெயிலுக்கு ஏது மாமா பில்லு? யார் வந்து கேப்பாங்க?"

அவர் தலையைச் சீட்டில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அன்று டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தபோதும் அதே களைப்புத்தான். ஆனால் முகத்தில் இத்தனை மாதமாக இருந்த ஏதோ ஒரு குற்றவாளிக் களை இல்லை.

ஆஸ்பத்திரி இல்லாத நாள்களில் காலையிலேயே காரை வீட்டுச் சுவரில் இருந்த சார்ஜ் பெட்டியில் மாட்டிவிடுவாள். வெயில் ஏற ஏற பேட்டரியும் ஏறும். மாமனார் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காருக்குள் தெரியும் பேட்டரி சதவீத எண்ணைக் கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்ப்பார். உதடு அசையும். இங்கே எண்கள் ஏறும்போது யார் கையிலிருந்தும் எதுவும் போகவில்லை. "அம்மாடி, அறுபத்தெட்டு!" என்று உள்ளே குரல் கொடுப்பார். சாப்பாட்டு நேரத்தில், "எண்பது தாண்டிடுச்சு. ரெண்டு மணிக்குள்ள நிறைஞ்சிடும் பாரு!" என்பார், தானே மாடியில் நின்று வெயிலை இழுத்து இறக்கியது போல. ஒருநாள்கூட டயாலிசிஸ் தவறவில்லை. அவரே காலையில் முதலில் கிளம்பி நிற்க ஆரம்பித்தார்.

பெரியவள் பின்னறையில் மிஷினை மிதித்துக்கொண்டே அந்தக் குரலைக் கேட்பாள். அது போதுமாயிருந்தது அவளுக்கு.

போதாமலும் இருந்தது. மனுஷிதானே. சின்னவள் இப்போதெல்லாம் அக்கா என்று கூப்பிடுவதில்லை, மொட்டையாகப் பேசினாள். வருகிறவர்களிடம், "எங்க வீட்ல சூரியனையே விலைக்கு வாங்கி மாடியில கட்டிப் போட்டிருக்கோம், பார்க்கறீங்களா?" என்று சிரித்தாள். சின்னவன் அண்ணியின் கையால் காபி வாங்குவதை நிறுத்தினான். கணவன் சாப்பிட்டான், தூங்கினான், ஷிப்டுக்குப் போனான். சில நாள் பெரியவள், தைத்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் வீட்டுத் திரைத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். கறை படாமல் பார்த்துக்கொள்வாள்.

*

பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் வானம் திறக்கவில்லை. பேனல்கள் மேகத்தின் கீழே பாதிக்குப் பாதிகூடக் கொடுக்கவில்லை. கார் வெளிக் கரண்டைக் குடித்தது. மாதக் கடைசியில் வந்த பில்லைச் சின்னவன் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தான்.

"என்ன அண்ணி... சூரியன் லீவா?"

"மழை மாசம் தம்பி. இப்பவும் பெட்ரோலுக்குப் போட்டதுல கால்வாசிதான் ஆகியிருக்கு. நீயே பாரு..."

"பார்த்தேனே! நல்லாப் பார்த்தேன். ஓட்டறதுக்கு ஆகற செலவை மட்டும் பார்த்தா உங்க கார் ஜெயிக்குது, நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா போட்ட முதல்? பேனல், அந்தப் பெட்டி, கார்... எல்லாத்தையும் கூட்டி, மாசாமாசம் பெட்ரோல்ல மிச்சமாகறதை வெச்சுக் கழிச்சுப் பார்த்தேன். முதல் கைக்கு வர்றதுக்கு எவ்வளவு நாள் தெரியுமா? ஏழு வருஷம்! அதுவும் வாரம் மூணு தடவை ஓடினாத்தான். ஏழு வருஷம் அண்ணி! அதுக்குள்ள அப்பா..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. முடிக்காமல் விட்டதே முடித்ததைவிட மோசமாகக் கேட்டது.

சின்னவள்கூடத் திடுக்கிட்டாள். "என்னங்க...!"

மூவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. மாமனார் கையில் காலித் தண்ணீர் டம்ளரோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தண்ணி கேக்கலாம்னு வந்தேன்," என்றார். பிறகு, "வேண்டாம், இருக்கட்டும்," என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

*

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். பெரியவள் கிளம்பி அறைக்குள் போனாள். மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சட்டை மாற்றவில்லை.

"நேரமாச்சு மாமா."

"நான் வரலைம்மா."

"ஏன்? உடம்பு முடியலையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கணக்குத்தான் சரியில்லை. அவன் போட்ட கணக்கு சரி. நானும் ராத்திரி பூரா போட்டுப் பார்த்தேன். ஏழு வருஷம் நான் இருக்கப் போறதில்லை. உன் கடையை நான் முழுங்கிட்டேன்மா... எனக்காகத்தான் நீ வாங்கினேன்னு தெரியாமலா இருப்பேன்? சும்மா இருந்துட்டேன். சுகமா இருந்துச்சு, அதனால சும்மா இருந்துட்டேன்..." அவர் போர்வையை இழுத்துக்கொண்டார். "போதும்."

பெரியவள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமனார் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினாள்.

"எழுந்து உக்காருங்க மாமா!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"பேங்க்ல உக்காந்து கணக்குப் பார்த்தவர்தானே நீங்க? உங்களுக்கு இந்தக் கணக்கு புரியலையா? பெட்ரோல் போட்டப்போ நீங்க போகாத ஒவ்வொரு நாளும் பணம் மிச்சமாச்சு. அதனாலதான் உயிரைப் பணயம் வெச்சு ரெண்டு தடவை படுத்துக்கிட்டீங்க. இப்போ என்ன மிச்சமாகும்? சொல்லுங்க! போட்ட பணம் போட்டாச்சு. நீங்க வராம இப்படியே படுத்துக்கிட்டா அந்தப் பேனலைக் கழட்டிக் கடையாக்கிடுவாங்களா? வெயில்தான் வீணாப் போகும்! நீங்க வர்ற ஒவ்வொரு தடவையும்தான் அது மலிவாகிக்கிட்டே போகுது. வராத ஒவ்வொரு தடவையும்தான் நஷ்டம். அப்படி ஒரு கணக்கு வேணும்னுதான் தேடிப் பிடிச்சு வாங்கினேன் மாமா... நீங்க உசிரோட இருந்தாத்தான் லாபம் வரணும்னு..."

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏழு வருஷமா? சரி. ஏழு வருஷம் இருங்க. இருந்து, என் முதலைத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி விட மாட்டேன்..."

மாமனாரின் கை அவள் தலைமேல் வந்து விழுந்தது. "நான் அப்போ பெட்ரோல் காசுக்காக ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தேன்னு... யார்கிட்டயும் சொல்லாம... இத்தனை பேச்சும் வாங்கிக்கிட்டு... ஏம்மா...?"

"நீங்கதானே மாமா சத்தியம் வாங்கினீங்க..."

பின்னால் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. சின்னவன் ஆபீஸ் பையைக் கீழே போட்டுவிட்டு நின்றிருந்தான். முந்தின நாள் பேச்சுக்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. முகம் வெளுத்திருந்தது.

"அப்பா... பெட்ரோல் காசுக்காகவா? நான் அன்னிக்குச் சாப்பிடும்போது சொன்னேனே... அதுக்காகவா...?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதுவே பதிலாக இருந்தது.

அவன் கட்டிலருகே வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பையனைப் போல வாய்விட்டு அழுதான். "கடவுளே... நான் என்னப்பா பண்ணிட்டேன்... ஒரு வார்த்தை... வாய்க் கொழுப்புல சொன்ன ஒரு வார்த்தைப்பா..."

"இதுக்குத்தான்டா சொல்ல வேண்டாம்னேன்," என்று அவரும் அழுதார்.

அவன் அண்ணி பக்கம் திரும்பினான். "என்னைத் திட்டியிருக்கலாமே அண்ணி. 'உன்னாலதான்டா'ன்னு ஒரு தடவை என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே! நான் உங்களை என்னென்ன பேசினேன்...!"

"சொன்னா நீ இப்படி அழுவே. நீ அழறதைப் பார்த்தா மாமா மறுபடி படுத்துக்குவார்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழுந்திரு தம்பி. நேரமாச்சு. அழறதை வர்ற வழியில அழுதுக்கலாம்."

அந்த அழுகைக்கு நடுவிலும் மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சின்னவன்தான் அன்று கார் சாவியை வாங்கிக்கொண்டான். ஆபீஸுக்குப் போன் செய்து லீவு சொன்னான். அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிட்டு, ஒரு கையால் அணைத்து வாசலுக்கு அழைத்து வந்தான். பெரியவள் பின்னால் வந்தாள். கூடத்தில் சின்னவள் நின்றிருந்தாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா..."

எத்தனையோ நாளைக்கப்புறம் வந்த அக்கா. சின்னவள் ஓடி வந்து பெரியவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நான் பாவி அக்கா... வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் உங்களைச் சொல்லிச் சிரிச்சேன்... ஒரு அடி அடிச்சுடுங்க அக்கா, எனக்கு மனசு ஆறும்..."

"அடிக்கறதெல்லாம் அப்புறம். விடுடி, மூச்சு முட்டுது..." என்றாள் பெரியவள். ஆனால் அவள் கையும் சின்னவளின் முதுகை விடவில்லை.

கணவன் மாலையில்தான் கேள்விப்பட்டான். தம்பிதான் சொன்னான். பின்னறைக்கு வந்து, மிஷின் அருகே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?"

"உங்ககிட்ட சொன்னா அன்னிக்கே நீங்க தம்பியோட சண்டைக்குப் போயிருப்பீங்க. இல்லையா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "போயிருப்பேன்," என்றான். பிறகு, அவள் மடியில் இருந்த துணியின் மறுமுனையை எடுத்துச் சுருக்கம் நீக்கி, தைக்க வாகாகப் பிடித்துக்கொண்டான். அந்தத் திரை முடியும்வரை அவன் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குள் சமாதானப் பேச்சு என்று தனியாக எதுவும் நடக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

*

மழை விட்டு வெயில் திரும்பியது. சின்னவன் வாரத்துக்கு ஒருநாள் வேலையை மாற்றி வாங்கிக்கொண்டு அப்பாவைத் தானே அழைத்துப் போக ஆரம்பித்தான்.

ஒரு விடுமுறை நாள் காலை. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். முந்தின நாள் நல்ல வெயில், கார் நிறைந்திருந்தது. பெரியவள் வாசலுக்கு வந்தபோது மாமனார் தேய்த்த சட்டை போட்டு, தலை வாரி, காரின் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

அவள் ஓடிப்போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்ன மாமா, உடம்புக்கு ஏதாவது...? இன்னிக்கு ஆஸ்பத்திரி இல்லையே?"

"இல்லைன்னு தெரியும்." அவர் கூச்சத்தோடு எங்கோ பார்த்தார். "ஊருக்கு வெளியில ஏரி நிரம்பிடுச்சாமே. எல்லாரும் போய்ப் பார்க்கறாங்களாம். சும்மா... ஒரு காரியமும் இல்லை. சும்மா பார்த்துட்டு வரலாமேன்னு..."

நோய் வந்த நாளிலிருந்து அவர் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் கேட்பதற்குக்கூட யோசித்த மனிதர்.

பெரியவள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். அந்தத் தெருவில் அவள் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டதில்லை.

"எல்லாரும் கிளம்புங்க...! மாமா ஏரி பார்க்கப் போகணுங்கறார்!"

ஐந்து பேரும் அந்தச் சின்னக் காரில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினார்கள். சின்னவளின் முழங்கை யார் விலாவிலோ இடித்தது. ஒரே கூச்சலும் சிரிப்புமாக இருந்தது. பெரியவள் வண்டியை எடுத்தாள். சத்தமில்லாமல் அது தெருவைத் தாண்டியது.

"ஏரியைத் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் ரோடு போட்டிருக்காங்களாம்," என்றார் முன்சீட்டில் இருந்த மாமனார், ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு. காற்று அவர் வாரிய தலையைக் கலைத்தது. "தூரம்தான்... போலாமா?"

"போலாம் மாமா," என்றாள் பெரியவள்.